கருவி வந்தது, கற்பிப்போர்க்குப் பயிற்சி எங்கே?

காஞ்சிமாநகரின் நெசவாளர் தெருக்களுள் காலைப்பொழுதில் நடந்து செல்வார்க்குத் தறியோசை கேளாதிராது. நாடா இடமும் வலமும் ஓடும். தறியின் மேலே தொங்கும் துளையட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அவை திரும்புந்தோறும் சேலையின் கரையில் மாங்காய்ப் பூவின் ஓரிழை கூடும். அத்தெருவிலிருந்தே தோளிற் பையுடன் ஒரு மாணவன் மேனிலைப் பள்ளிக்குப் புறப்படுகின்றான். அவன் கையிலுள்ள கணக்குப் பாடநூலில், கைப்பேசியோ கணினியோ படித்தறிதற்குரிய கட்டக் குறியீடு அச்சிடப்பெற்றுள்ளது. பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்னும் பெயரால் கணினிகள் வரிசையாக வைக்கப்பெற்றுள்ளன. வீட்டிலும் பொறி, பள்ளியிலும் பொறி. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. வீட்டுப் பொறியை இயக்குகின்ற தந்தைக்கு அதனைத் தறியருகே அமர்ந்து கற்பித்தார் ஒருவர் இருந்தார். பள்ளிப் பொறியைக் கொண்டு கணக்குக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்க்கு அதனைக் கற்பித்தார் யார்? எம்மொழியிற் கற்பித்தார்? இவ்விரு வினாக்களும் தமிழ்மக்கள் இன்று ஆழ்ந்து எண்ணற்குரியன.

பொறிகளை வழங்குவதில் தமிழ்நாட்டரசு கைச்சுருக்கம் காட்டிற்று எனல் ஆகாது. அரசு பள்ளிகளிலும் அரசின் உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்புப் பயில்வார்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 2018-இல் பதினொன்றாம் வகுப்பிற்கும் 2019-இல் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் புதிய பாடநூல்கள் வந்தன. 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 6,029 அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் பணி நடந்தது. புதிய கணக்குப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்னும் தலைப்பின்கீழ், ‘சியோசிப்ரா’ என்னும் கணினி நிரலைத் திறந்து பாடப்பொருளை இயக்கிக் காணும் வழியும் காட்டப்பெற்றுள்ளது. வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டும் இந்நிரலை ஆத்திரிய நாட்டுச் சால்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் மார்க்கசு ஓகன்வார்ட்டர் என்பார் 2001-இல் தம் பட்டமேற்படிப்பு ஆய்வாகத் தொடங்கினார். வகுப்பறைக்கு அது விலையின்றிக் கிடைப்பது. ஒருமுறை கணினியில் இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாதவிடத்தும் இயங்குவது. ஆக, நூல் உண்டு, பொறி உண்டு, நிரல் உண்டு. இம்மூன்றையும் ஒன்றாகக் கோத்து மாணவன் அறிவிற் கொண்டு சேர்க்கும் கை ஆசிரியரின் கை. அக்கை பயிற்றப்பெற்றதா என்பதே இங்கு எழும் வினா.

நுண்கணிதத்தை மட்டும் தனித்தெடுத்துப் பேசுவது ஏன் எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை எளிது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூல்களின் 24 இயல்களுள் 7 இயல்கள் நுண்கணிதம் பற்றியன. எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல், அவற்றின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என அது விரிகின்றது. இயற்பியலும் பொறியியலும் பொருளியலும் அதன் தோளிலேயே நிற்கின்றன. தமிழ்நாட்டிற் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கிடும் 200 மதிப்பெண்களுள் 100 கணக்குப் பாடத்திற்குரியன. அரசு பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் வந்தது. நெசவாளர் மகனுக்கும் கூலியாள் மகளுக்கும் கல்லூரியின் கதவு சற்றே திறந்தது. ஆனால் கதவைக் கடந்து உள்ளே சென்றவுடன் முதற்பருவத்திலேயே அவர்களை எதிர்கொள்வது நுண்கணிதம். மேனிலை வகுப்பில் அதனைப் பொருளுணர்ந்து கற்றவர் நடப்பர். வாய்பாட்டை உருப்போட்டு வந்தவர் இடறுவர். இடறி விழுவார் பிறகு தம் மதியையே நொந்துகொள்வர். தம் தாய்மொழியைப் பழிப்பாரும் உளர். குற்றம் அவர் மதியிலும் இல்லை, மொழியிலும் இல்லை. கற்பித்தலின் குறையே அது.

நுண்கணிதத்தின் நுழைவாயில் ‘எல்லை’ என்னும் கருத்து. அது கரும்பலகையில் எழுதிக் காட்டுதற்கு அரிது. ஏனெனில் அஃது ஓர் இயக்கம். ஓர் எண்ணின் இருபடியைத் தரும் சார்பை எடுத்துக்கொண்டு அதன் வளைவரையில் ஒன்று என்னும் இடத்திலுள்ள புள்ளியை நிலையாக வைத்து, வேறொரு புள்ளியை அதனை நோக்கி நகர்த்துக. இரண்டையும் இணைக்கும் கோட்டின் சாய்வு, அடுத்த புள்ளி 2-இல் இருக்கும்போது 3, 1.5-இல் இருக்கும்போது 2.5, 1.1-இல் 2.1, 1.01-இல் 2.01; 1.001-இல் 2.001. சாய்வு 2 என்னும் எண்ணை நெருங்கிக்கொண்டே செல்கின்றது. கரும்பலகையில் இதனைக் காட்ட ஐந்து கோடுகள் வரைய வேண்டும். ஐந்தும் ஒன்றன்மேலொன்றாய் மயங்கும். திரையிலோ புள்ளியை விரலால் நகர்த்தினாற் போதும். கோடு தானே திரும்பும். எண் தானே மாறும். இறுதியில் கோடு தொடுகோட்டோடு பொருந்துவதை மாணவன் கண்ணாற் காண்பான். கருவியின் பயன் இஃது. இதனை மறுப்பார் அறிவுடையார் அல்லர்.

ஆனால் நகர்த்துகின்ற கை இன்னும் சற்றே நகர்ந்து, இரண்டு புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டால் நேர்வது என்ன? கோடு மறைந்துபோகும். சாய்வு இருந்த இடத்தில் எண்ணுக்கு மாறாக ஒரு வினாக்குறி நிற்கும். இரு புள்ளிகள் இருந்தால்தான் ஒரு கோடு. ஒரு புள்ளி மட்டும் இருப்பின் சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க வேண்டி வரும். அது பொறியால் இயலாது. பயிற்சி பெறாத ஆசிரியர் இவ்விடத்தில் திகைப்பார். பொறி பழுதுற்றது எனக் கருதி நிரலை மூடித் திறப்பார், அல்லது புள்ளியை விரைந்து பின்னுக்கு இழுத்துவிட்டு, ‘விடை 2, எழுதிக்கொள்க’ என்பார். மாணவர் எழுதிக்கொள்வர். நுண்கணிதத்தின் உயிர்நிலை அந்நொடியில் அவர் கண்முன்னே வந்து நின்றதும், வந்த வழியே சென்றதும் அவர்க்குத் தெரியாது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் அவ்வினாக்குறியின்முன் நிற்பார். திரையை அப்படியே விட்டுவிட்டு மாணவரை நோக்குவார். ‘சற்றுமுன் 2.001 எனக் காட்டிய பொறி இப்போது விடையின்றி நிற்பானேன்? பொறியாற் சொல்ல இயலாத 2 என்னும் விடையை மாந்தன் எப்படிச் சொல்கின்றான்?’ என வினவுவார். வகுப்பு அமைதியுறும். பின்னர் ஒருவன், ‘அங்கே போய்ச் சேர வேண்டியதில்லை ஐயா, எங்கே போகின்றது எனத் தெரிந்தாற் போதும்’ என்பான். அவன் வாயினின்று வந்த அச்சொல்லே எல்லை என்பதன் இலக்கணம். அதனைப் பாடநூலின் வரையறையோடு பொருத்திக் காட்டுவது ஆசிரியரின் அடுத்த பணி. ஒரே பொறி, ஒரே நிரல், ஒரே பாடம். ஒரு வகுப்பில் அது படக்காட்சியாய் முடிந்தது. மற்றொன்றில் அறிவாய் விளைந்தது. வேறுபாடு ஆசிரியர் பெற்ற பயிற்சியில் உள்ளது.

ஆகவே, பயிற்சி என்பது எந்தப் பொத்தானை அழுத்தினால் எது தோன்றும் எனக் கற்பிப்பது மட்டும் அன்று. அதனை ஓர் அரைநாளில் எவரும் கற்றுக்கொள்வர். எந்த இடத்தில் திரையை நிறுத்துவது, எந்த இடத்தில் அணைப்பது, எந்த வினாவை எழுப்புவது, மாணவன் எங்கே மயங்குவான், பொறி எங்கே பொய்த்தோற்றம் காட்டும் என்பவற்றைக் கற்பிப்பதே பயிற்சி. பொறியும் பொய்த்தோற்றம் காட்டும் என்பதை மறத்தலாகாது. வழுவழுப்பான வளைவரையை மேன்மேலும் பெரிதாக்கினால் அது நேர்கோடு போலத் தோன்றும். அதுவே வகைக்கெழு உண்டு என்பதன் அடையாளம். கூரிய முனையுடைய கோட்டை எத்துணைப் பெரிதாக்கினும் முனை முனையாகவே நிற்கும். அங்கே வகைக்கெழு இல்லை. ஆனால் நுண்ணிய முனையொன்றைத் தொலைவிலிருந்தே காட்டி நிறுத்திவிட்டால், அது வழுவழுப்பாகவே தோன்றி மாணவனை ஏமாற்றும். கண்டதே மெய் எனக் கொள்ளாது, கண்டதனை எண்ணத்தால் ஆய்ந்து நிறுவுதலே கணக்கு. இப்பழக்கத்தை உண்டாக்கும் ஆற்றல் ஆசிரியர்க்கு மட்டுமே உண்டு.

இவ்வுண்மையைக் காஞ்சிபுரத்தார் நன்கறிவர். பழங்காலத்தில் அடை கட்டிப் பூவேலை செய்த தறிகளில் பின்னாளிற் சக்கார்டுப் பெட்டி ஏறியது. பிரான்சு நாட்டு இலியோன் நகரத்துச் சோசப்பு மேரி சக்கார்டு என்பார் 1804-இல் உருவாக்கிய அப்பொறியின் துளையட்டைகளைக் கண்டே, ஆங்கில நாட்டுச் சார்லசு பாபேசு தம் கணிப்பு எந்திரத்திற்கும் துளையட்டைகளை வகுத்தார். 1890-இல் அமெரிக்க நாட்டு மக்கள் தொகைக் கணக்கும் எர்மன் ஓலரித்து என்பாரின் துளையட்டைப் பொறியாற் கணக்கிடப்பெற்றது. எனவே இன்றைய கணினியின் முன்னோருள் ஒருவர் காஞ்சி நெசவாளரின் தலைக்கு மேலேயே தொங்குகின்றார். அப்பொறி இங்கு வந்தபோது எவரும் அதனைத் தறிமேல் ஏற்றிவிட்டு அகன்றாரல்லர். அட்டை கோத்தலும், இழை பிணைத்தலும், அறுந்தவிடத்து முடிதலும் ஒருவர்க்கொருவர் அருகமர்ந்து காட்டிக் கற்ற கலைகள். கற்றது எம்மொழியில்? தறியும் பாவும் ஊடையும் நாடாவும் விழுதும் அச்சும் தத்தம் பெயரோடு வழங்கும் மொழியிலேயே கற்றனர். அயல்நாட்டுப் பொறி வந்தது. அயல்மொழி உடன் வரவேண்டிய தேவை எழவில்லை. தறிக்கு இயன்றது பள்ளிக்கு இயலாதோ?

இங்கேதான் மொழி பற்றிய இரண்டாம் வினா எழுகின்றது. பயிற்சியே இல்லை என்பது பொய்யுரையாகும். பாடநூல்கள் மாறுங்காலங்களிற் பயிற்சிகள் நடப்பதுண்டு. ஆனால் ஓரிரு நாள் அவையில் அமர்ந்து, எவரோ இயக்கும் பெருந்திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் திரும்பும் பயிற்சி, நீந்துவாரைக் கரையிலிருந்து பார்த்து நீந்தக் கற்பதை ஒக்கும். அப்பயிற்சியிலும் திரையில் ஆங்கிலச் சொற்களே நின்று, விளக்குவாரும் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினால் விளைவு என்னாகும்? ஆசிரியர் வகுப்பிற்கு வந்து அதே கலப்பு நடையிலேயே பேசுவார். மாணவனின் நூலில் ‘சார்பு’ என்றிருக்கும். ஆசிரியர் வாயில் அதன் ஆங்கிலப் பெயர் வரும். திரையில் அச்சொல்லின் சுருக்கக் குறி தோன்றும். ஒரு பொருளுக்கு மூன்று முகம். கருத்தைப் பற்ற வேண்டிய மாணவன் பெயரைத் துரத்திக்கொண்டு ஓடுவான்.

சார்பு, எல்லை, தொடர்ச்சி, சாய்வு, தொடுகோடு, வகைக்கெழு, தொகையீடு ஆகிய இச்சொற்களைப் பாருங்கால், இவை வெறும் பெயர்ப்புகள் அல்ல என்பது புலனாகும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து மாறுவதாற் சார்பு. நெருங்கலாம், கடக்க வேண்டியதில்லை என்பதால் எல்லை. நுண்ணிய கூறுகளாக வகுத்து ஆராய்வதால் வகையிடல். அக்கூறுகளைத் திரட்டுவதால் தொகையிடல். வகுத்தலும் தொகுத்தலும் தமிழிலக்கண மரபில் வேரூன்றிய சொற்கள். வகையும் தொகையும் ஒன்றற்கொன்று மறுதலையான வினைகள் என்னும் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம், தமிழ் மாணவனுக்குச் சொல்லளவிலேயே பாதி விளங்கிவிடுகின்றது. ஆங்கிலச் சொற்கள் அவனுக்கு இவ்வுதவியைச் செய்யா. இச்சொற்களின் பொருளை ஒரு மணித்துளி நின்று விளக்கும் ஆசிரியர், ஒரு மணிநேர உழைப்பை மிச்சப்படுத்துகின்றார். அதற்கு ஆசிரியர் முதற்கண் அச்சொற்களை மதிக்க வேண்டும். அவற்றை மதிக்கும் பயிற்சி அவர்க்கு வாய்த்திருக்க வேண்டும்.

தாய்மொழியில் நுண்கணிதம் கற்பித்தல் புதுமையோ விருந்தோ அன்று. இலைபுனிட்சு 1684-இல் வகை நுண்கணிதத்தை இலத்தீன மொழியில் வெளியிட்டார். எனினும், 1748-இல் இத்தாலியப் பெண்மணியார் மரியா அக்னேசி, இளைஞர் கற்கும் பொருட்டு நுண்கணிதத்தை அறிஞர்க்கே உரிய இலத்தீனத்தில் எழுதாது இத்தாலிய மொழியில் எழுதினார். அதற்கும் இரு நூற்றாண்டுக்கு முன்னரே, கி.பி. 1530-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சேர நாட்டிற் சேட்டதேவர் என்பார், மாதவர் வழிவந்த முடிவிலாத் தொடர் கணக்குகளை, நிறுவும் முறையோடு, வடமொழியில் அன்றி மக்கள் மொழியாகிய மலையாளத்தில் ‘யுத்திபாசை’ என்னும் நூலாக எழுதி வைத்தார். ஈழத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிசுக்குக் கிரீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களும் சொற்களும் ஆக்கினார். இன்றும் ஈழத்தில் உயர்தர வகுப்பின் ‘இணைந்த கணிதம்’ நுண்கணிதம் உட்படத் தமிழிற் கற்கப்பெறுகின்றது. தேர்வும் தமிழில் நடக்கின்றது. அயல்நாட்டு மருத்துவர் ஒருவர் தமிழால் இயலும் எனக் கண்டதைத் தமிழாசிரியர் இயலாது என்பரோ?

‘கல்லூரியில் ஆங்கிலத்தில்தானே கற்க வேண்டும், இப்போதே ஆங்கிலத்திற் பழகினால் என்ன?’ என்பார் உளர். ஆங்கிலச் சொல்லை அறிந்துகொள்வதை எவரும் தடுத்தாரல்லர். கருத்துத் தெளிந்தவனுக்குப் பெயர் மாற்றம் ஒரு கிழமை வேலை. கருத்துத் தெளியாதவனுக்கு எம்மொழிப் பெயரும் வெற்றொலியே. ‘எல்லை’ இன்னதெனத் தமிழில் உணர்ந்த மாணவன் அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்டவுடன், ‘இதுதானா?’ எனப் பற்றிக்கொள்வான். உணராதவன் ஆங்கிலப் பெயரோடு தன் அறியாமையையும் சேர்த்து மனப்பாடம் செய்வான். 2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. அத்தகைய முயற்சிகள் தழைப்பதும் வாடுவதும், மேனிலைப் பள்ளியில் தமிழிற் கணக்குக் கற்பிக்கும் திறத்தைப் பொறுத்தனவாம். அடிமரம் நீரின்றி வாடுமாயின் கொம்பிற்கு நீர் தெளித்துப் பயனென்ன?

இனி, ஆசிரியரைப் பயிற்றும் முறைக்கு உலகில் எடுத்துக்காட்டு இல்லையோ எனின், உண்டு. வளைவரைகளைத் தானே வரையும் கையடக்கக் கணிப்பான் 1985-இல் கடைக்கு வந்தது. அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் பெர்ட்டு வைட்சு, பிராங்கு தெமானா என்னும் இருவர், கருவியை மட்டும் பள்ளிக்கு அனுப்பினாற் பயனில்லை என்பதை உணர்ந்தனர். 1980-களின் பிற்பகுதியிற் பள்ளியாசிரியர்க்குக் கோடைக்காலப் பயிற்சிகளைத் தொடங்கினர். பயின்ற ஆசிரியர் தம் ஊர் சென்று பிற ஆசிரியரைப் பயிற்றினர். ஆசிரியரை ஆசிரியரே பயிற்றும் இயக்கமாக அது வளர்ந்தது. அந்நாட்டிற் கல்லூரி முன்னிலை நுண்கணிதத் தேர்வில் அக்கணிப்பான் கட்டாயமானது 1995-இல். முதலிற் பயிற்சி, பின்னரே தேர்வு மாற்றம். இவ்வொழுங்கு இங்கும் வேண்டப்படுவது. பிறர் கருவியை வாங்கியவர், பிறர் கருவியைக் கற்பித்த முறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டாவோ?

பயிற்சி தமிழிலும் தமிழ்நிலத்துப் பொருள்களைக் கொண்டும் அமையுமாயின் என்ன விளையும் என்பதற்குக் காஞ்சியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். நெய்த சேலை தறியின் படைமரத்திற் சுருட்டப்படுகின்றது. சுருட்டச் சுருட்ட உருளையின் பருமன் கூடுகின்றது. கணக்கின் எளிமை கருதி, வெறும் மரத்தின் ஆரம் 4 சென்றிமீட்டர், துணியின் தடிப்பு அரை மில்லிமீட்டர் எனக் கொள்க. ஆரம் 4-இலிருந்து 5 சென்றிமீட்டர் ஆதற்கு ஏறத்தாழ 5.65 மீட்டர்த் துணி வேண்டும். அஃது ஏறக்குறைய ஒரு சேலை. அதே அளவுத் துணியை மீண்டும் சுற்றினால் ஆரம் 6 ஆகுமோ? ஆகாது, ஏறத்தாழ 5.83 ஆகும். மூன்றாம் முறை சுற்றின் 6.56 மட்டுமே. ஒரே அளவுத் துணி. ஆயினும் வளர்ச்சி குறைந்துகொண்டே வருகின்றது. ஏன்? உருளை பெருக்கப் பெருக்க ஒவ்வொரு சுற்றும் மிகுதியான துணியை விழுங்குகின்றது. ஆரம் வளரும் வீதம் ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் அமைகின்றது. இதுவே வகைக்கெழு. ஆண்டுக்கணக்கிற் படைமரத்தைச் சுருட்டிய தந்தையின் கை அறிந்த உண்மை இது. மகன் அதனைத் திரையில் வளைவரையாக வரைந்து காண்பான்.

மற்றொன்று. சேலைக் கரையின் மாங்காய்ப் பூ தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வளைந்து தோன்றும். பூ வரைவோர் அதனைக் கட்டத்தாளிற் கட்டங்கட்டமாக நிரப்பியே வரைகின்றனர். அருகே நோக்கின் அதன் விளிம்பு படிப்படியாய் இருக்கும். கட்டம் சிறிதாகச் சிறிதாகப் படிகள் மறைந்து வளைவு பிறக்கும். அப்பூவின் பரப்பை அறிய நிரப்பிய கட்டங்களை எண்ணிக் கூட்ட வேண்டும்; கட்டங்களை மேன்மேலும் நுணுக்கிக் கூட்டும் அவ்வெண்ணமே தொகை நுண்கணிதம். திரையில் ஒரு நழுவியை நகர்த்தி, 10 பட்டைகளை 100 ஆக்கி, 100-ஐ 1000 ஆக்கிக் காட்டுவது எளிது. ஆனால் அப்பட்டைகளைக் காஞ்சிப் பட்டின் கட்டத்தாளோடு இணைத்துக் காட்டப் பயிற்சி பெற்ற, இவ்வூர் அறிந்த, இம்மொழி பேசும் ஆசிரியர் வேண்டும். அயலூரில் ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்ற பணித்தாள் இவ்விணைப்பைச் செய்யாது.

எனவே அரசும் கல்வித்துறையும் ஆசிரியர் அமைப்புகளும் செய்யத்தக்கன இவை.

முதலாவது, பயிற்சி ஓரிரு நாட் கூட்டமாக அமையாது ஆண்டு முழுமையும் தொடர்தல் வேண்டும். அண்மையிலுள்ள பத்துப் பன்னிரண்டு பள்ளிகளின் கணக்காசிரியர், திங்களுக்கு ஒரு நாள், அவற்றுள் ஒரு பள்ளியின் ஆய்வகத்திற் கூடி, ஒவ்வொருவரும் தம் கையாலேயே பொறியை இயக்கிப் பழகல் வேண்டும். கற்றதைத் தம் வகுப்பில் நடத்தி, நேர்ந்த இடர்ப்பாட்டை அடுத்த கூட்டத்திற் பேசல் வேண்டும். கருவி தேர்ந்த ஆசிரியர் ஒருவர் பிறர் வகுப்பிற் சென்று அருகமர்ந்து உதவுதல் வேண்டும். தறிக்கலை இவ்வாறே கைமாறி வந்தது.

இரண்டாவது, பயிற்சி முழுமையும் தமிழில் நடத்தல் வேண்டும். சியோசிப்ரா நிரல் பல மொழிகளில் இயங்கத்தக்கதாக அமைக்கப்பெற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. அதன் திரைச்சொற்களைப் பாடநூற் சொற்களோடு ஒப்பிட்டு ஒன்றாக்கும் பணியைக் கணக்காசிரியரும் தமிழறிஞரும் கூடிச் செய்தல் வேண்டும். நூலிலும் திரையிலும் நாவிலும் ஒரே சொல் வழங்கல் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு பணித்தாளேனும் தம் ஊர்ப் பொருளைக் கொண்டு தமிழில் ஆக்கல் வேண்டும். காஞ்சியார் படைமரத்தை எடுப்பர். கடலூரார் அலையை எடுப்பர். தஞ்சையார் மதகு நீரை எடுப்பர். அவற்றைத் தொகுத்து எல்லாப் பள்ளிகட்கும் வழங்கின், சில ஆண்டுகளில் தமிழுக்கு நிலையான செல்வம் ஒன்று சேரும்.

நான்காவது, தேர்வும் இதற்கு இடந்தரல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டிற்கு 10 மதிப்பெண்ணும் உள்ளன. அப்பத்தில் ஒரு பகுதியேனும் மாணவன் திரையில் ஆராய்ந்து தன் சொந்தத் தமிழில் எழுதிய ஒரு பக்க விளக்கத்திற்கு உரியதாகுக. மதிப்பெண் இல்லாத பணிக்கு நேரம் ஒதுக்க எந்த ஆசிரியரும் துணியார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. நேரமும் அவர்க்கு வேண்டும். பதிவேடுகளை நிரப்பும் பணியால் ஆசிரியரின் பொழுதை விழுங்கிவிட்டு, புதுமுறையிற் கற்பிக்கவில்லையே என அவரை நோவது அறமாகாது.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பெரும்பொருள் முன்னரே செலவாகிவிட்டது. பொறிகளாக அது பள்ளிகளில் நிற்கின்றது. வேண்டுவன நேரமும் ஒழுங்கும் மொழிப்பற்றுமே. காஞ்சிச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பெற்று, கோர்வை என்னும் நுட்பத்தால் ஒன்றாகின்றன. அதற்குத் தறியில் ஒருவர் போதார். உடனிருந்து நாடா தள்ளும் மற்றொருவரும் வேண்டும். கோர்வை பிழைத்தால் கரை கழன்றுபோகும். பட்டின் பெருமையும் உடன்போகும். பள்ளியிற் கணக்கறிவு உடல், புதுக்கருவி கரை. இரண்டையும் கோப்பது ஆசிரியரின் பயிற்சி. கோக்கும் இழை தாய்மொழி.

காஞ்சி அறிஞர் அண்ணாவை ஈன்ற ஊர். அவர் முதலமைச்சராய் இருந்த 1968-ஆம் ஆண்டிற் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. 1969-இல் இந்நிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. பெயர் கிடைத்து அரைநூற்றாண்டு கடந்தது. அப்பெயர்க்கு உரிய அறிவு அப்பெயர்க்கு உரிய மொழியில் விளைதலன்றோ முறை? திரையில் ஒரு வினாக்குறி தோன்றும் அந்நொடியில், காஞ்சித் தெருவிலிருந்து வந்த அம்மாணவன் தன் ஆசிரியரின் முகத்தை நோக்குகின்றான். அவர் நிரலை மூடிவிடாது, தெளிந்த தமிழில் அவனை நோக்கி ஒரு வினாவை எழுப்புவாராயின், அவன் வாழ்வின் ஒரு கதவு திறக்கும். அவ்வினாவை எழுப்பும் ஆற்றலை ஒவ்வோர் ஆசிரியர்க்கும் அளிப்பது தமிழ்நாட்டின் கடன். அக்கடன் விரைவில் ஆற்றப்பெறுக.